வரிக்குக் காத்திருப்பு உண்டா?

கேள்வி: அமெரிக்காவுக்குக் குடியேறியதுமே அரசு உதவிக்குக் கை நீட்டலாமா?

பதில்: நீட்டினாலும் கிடைக்காது. 1996 ஆகஸ்ட்டில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டப்படி, கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் மெடிக்கெய்டு மருத்துவ உதவிக்கு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். வரிக்கு அப்படி எந்தத் தவணையும் இல்லை. முதல் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அந்தச் சட்டத்தால் மிச்சமாகும் என்று அன்று போட்ட கணக்கில் ஏறக்குறையப் பாதி, ஓட்டுரிமை இல்லாத இந்த மக்களின் பங்கிலிருந்து பிடுங்கியது. இதை எப்படிச் சீர்திருத்தம் என்று ஏற்பது?

‘சலுகைக்காகத்தானே வருகிறார்கள்’ என்பார்கள். சலுகையை அறுத்த பிறகும் வருகை குறையவில்லை. உதவித்தொகை சொற்பமாக இருந்த வட கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களுக்கும் வேலை தேடிப் போய்க் குடியேறினார்கள். அடி விழுந்தது குழந்தைகள்மேல். அங்கேயே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன். உணவு உதவிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் பெற்றோர் விவரம் கேட்கும் கட்டத்தைப் பார்த்ததும், தன் குடியுரிமைக்கு வினையாகுமோ என்று பயந்து அப்பா படிவத்தை மடித்து வைத்துவிடுகிறார். 2002-இல் நாடாளுமன்றமே இறங்கிவந்து, குடியேறிய குழந்தைகளுக்கு உணவு உதவியில் 5 ஆண்டுக் காத்திருப்பை நீக்கியது. பெரியவர்களுக்கு நீக்கவில்லை.