ஸ்பிரிங் அண்ணாச்சி

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் ஏர்கன் வாங்க நினைப்பவர், கடைக்குப் போகும் முன்னால் ஸ்பிரிங் அண்ணாச்சியைப் பார்த்துவிடுவது நல்லது. அவரைக் கேட்காமல் வாங்கிய துப்பாக்கி எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அது கெட்ட துப்பாக்கிதான். “சுடும் தம்பி, இப்பச் சுடும். ஆறு மாசம் கழிச்சு எங்கிட்ட வராமலா போயிருவ?” என்று வாங்கியவனை அன்றே பாதி நோயாளியாக்கி அனுப்பிவிடுவார்.

இவரை ஓர் ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. எட்டயபுரம் ரோட்டில் ஒருத்தர், கயத்தாறுப் பக்கம் ஒருத்தர், விளாத்திகுளத்துக்கு ஒருத்தர் என்று கரிசக்காடு முழுக்கப் பரவியிருக்கிறார். ஓரிடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர். இன்னோரிடத்தில் ரிட்டயரான டிரில் மாஸ்டர். தகுதி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: ஒரு காலத்தில் கைக்காசு போட்டு ஒரு மட்டமான ஏர்கன்னை வாங்கி, முழுசாக ஏமாந்திருக்க வேண்டும். டாக்டராக ஐந்தரை வருஷம் படிக்கணும். அண்ணாச்சியாக ஒரு பார்சல் போதும்.

அந்தப் பார்சல் வந்த கதைக்குக் காரணம் மயில். புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் முளை காட்டிய அன்றே மயில்கள் வரிசையில் நின்று கொத்த ஆரம்பித்துவிடும். அதற்குத் தப்பி மக்காச்சோளம் கதிர் பிடித்தால் ராத்திரியில் பன்றி. அண்ணாச்சி முதலில் மதினியின் பழைய சேலைகளைக் காட்டைச் சுற்றிக் கட்டினார். மயில்கள் சேலைகளைப் பார்த்தன. இரண்டு சேலைக்கு நடுவே இருந்த சந்தையும் பார்த்தன. “சத்தம் கேட்டா ஓடிரும்” என்று யாரோ சொல்ல, ஏர்கன் யோசனை பிறந்தது.

மயிலைச் சுடும் நினைப்பு அவருக்குக் கனவிலும் கிடையாது. 1963-இலிருந்து அது தேசியப் பறவை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. சட்டம் விட்டாலும் கழுகுமலை முருகன் விடமாட்டார். சும்மா சத்தம் காட்டி விரட்டத்தான் துப்பாக்கி.

வந்த துப்பாக்கி அந்த வேலையை நன்றாகவே செய்தது. முதல் வெடியில் காடே அதிர்ந்தது. குழல் நுனியில் புகை வேறு. “பவர்னா இது பவர்!” என்று அண்ணாச்சி ஊரைக் கூட்டினார். ஒரு வாரத்தில் சத்தம் இருமலாகி, இருமல் பெருமூச்சாகி, கடைசியில் ரவை குழலை விட்டு வெளியே வருவதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கியது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, “பயன்படுத்திய பொருளை வாங்க மாட்டோம்” என்றார்களாம். “சுட்டுப் பாக்காம சுடலைன்னு எப்படிய்யா கண்டுபிடிக்கது?” என்ற அவர் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அன்று ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

டீக்கடை பெஞ்சில் யாராவது ஏர்கன் என்று வாயெடுத்தால் போதும். மஞ்சப்பையிலிருந்து ஒரு பொட்டலம் வெளியே வரும். அதைப் பிரித்து, இரண்டாக முறிந்த ஸ்பிரிங்கை இடதுபக்கமும், ஓரம் கருகிய தோல் வாஷரை வலதுபக்கமும் வைப்பார். நடுவில் டீ கிளாஸ். “பாத்துக்கோ. குழலை மடக்கி இழுத்தா ஸ்பிரிங் அமுங்கும். குதிரையத் தட்டினா ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காத்தை அமுக்கும், காத்து ரவையத் தள்ளும். அவ்வளவுதான் வித்தை. உள்ள எண்ணெய் நின்னா, காத்து அமுங்குற சூட்டுல அது பத்திக்கிடும். டீசல் எஞ்சின் அப்படித்தான ஓடுது? எனக்கு வந்த துப்பாக்கியில எண்ணெயக் கொட்டி அனுப்பிட்டான். நான் பவருன்னு நெனச்சது, வாஷர் வேகுற சத்தம்.” இங்கே ஒரு வாய் டீ குடிப்பார். “தீப்பெட்டி ஊர்க்காரனுக்கே நெருப்பக் காட்டி ஏமாத்திட்டான் தம்பி!”

பெட்டி மேலே அச்சடித்த வேகத்தை அவர் பிரித்து மேய்வது தனிக் கச்சேரி. “வினாடிக்கு 1000 அடின்னு போட்டிருக்கான். அரை கிராம் ரவை அந்த வேகத்துல போனா 23 ஜூல் வருது. 2016 ஆயுத விதிப்படி 4.5 மில்லி குழல், 20 ஜூல், அதுக்கு உள்ள இருந்தாத்தான் லைசென்ஸ் வேண்டாம். அப்ப பெட்டியில இருக்கது நெசம்னா, லைசென்ஸ் இல்லாம வச்சிருக்க நீ குத்தவாளி. பொய்யின்னா, நீ ஏமாளி. எதுன்னு நீயே சொல்லு.” பையன் பெட்டியை மூடி அக்குளில் இடுக்கிக்கொள்வான்.

சோதனை என்று உட்கார்ந்தால் மனுஷன் தராசு. முதலில் துப்பாக்கியை மடக்கி மூடிவிட்டு, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைப்பார். மயிரிழை ஆடினாலும் முகம் சுளிக்கும். மூட்டு ஆடினால் ஒவ்வொரு வெடிக்கும் குழல் ஒவ்வொரு திசை பார்க்கும். அடுத்து, மறுபடி மடக்கி இழுக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்பார். கரகரவென்றால் ஸ்பிரிங் உள்ளே உரசுகிறது. பிறகு குழல் மூடும் மூட்டின் மேல் ஒரு துண்டு மெல்லிசுத் தாளை வைத்து, ரவை போட்டுச் சுடச் சொல்வார். தாள் பறந்தால் அங்கே காற்று கசிகிறது, சீல் சரியில்லை. கடைசியில் 10 மீட்டரில் அட்டையை வைத்து அஞ்சு ரவை. ஓட்டைகள் ஐந்தையும் ஒரு ரூபாய்க் காசு மூடினால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலை வாங்கியவர்கள் வட்டாரத்தில் சொற்பம்.

கண்டிஷன்களும் உண்டு. ரவை இல்லாமல் வெறும் வெடி வைக்கக் கூடாது. பிஸ்டன் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளும். மடக்கி இழுத்த துப்பாக்கியை ராத்திரி முழுக்க அப்படியே சாத்தி வைக்கக் கூடாது, ஸ்பிரிங் சோர்ந்துவிடும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், அதை அதன் போக்கில் உதைக்க விட வேண்டும். கண்ட டெலஸ்கோப்பை வாங்கி மாட்டக் கூடாது. அந்த இரட்டை உதையில் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், “ஸ்பிரிங்கும் வாஷரும் தனியாக் கிடைக்குமான்னு கேளு. கிடைக்காதுன்னா அது துப்பாக்கி இல்ல, கம்பு.”

செண்பகவல்லியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரர்கள் அவரைத் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். ஒரே வெடியில் குழல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடித்து, நிற்கிற கூட்டத்துக்கெல்லாம் சத்தமாகச் சொல்லிவிடுவார். அதனால் முதல் கடைக்காரர் அவர் கையில் பத்து ரவையை ஓசியில் திணித்து, “அடுத்த கடையப் பாருங்க அண்ணாச்சி” என்று அனுப்பிவைப்பது வழக்கம்.

“2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதுவும் ஸ்பிரிங்கா அண்ணாச்சி?” என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். “அது சிலிண்டர்ல காத்தடைச்சது. உதையே கிடையாது. அங்க பத்துப் பாயிண்டுப் புள்ளி அரை மில்லிமீட்டர் தம்பி, அரை மில்லிமீட்டர்!” என்றவர், முறிந்த ஸ்பிரிங்கை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “இதுக்கு அரை ஏக்கர் வேணும்.”

ஒருவழியாகத் தாமும் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார். மூட்டு ஆடவில்லை, தாள் பறக்கவில்லை, காசு ஓட்டைகளை மூடியது. ஒரு குறையும் இல்லை. அதுதான் குறையாகிப் போனது. டீக்கடையில் அதைப் பற்றிப் பேச ஒன்றுமே கிடைக்காமல் நாலு நாள் ஆள் வாடிவிட்டார். ஐந்தாம் நாள் யாரோ ஒருத்தர் பேட்டரித் தெளிப்பான் மக்கர் பண்ணுகிறது என்று கொண்டுவந்த பிறகுதான் முகத்தில் களை வந்தது.

காட்டில் கதை வேறு. நல்ல துப்பாக்கி ‘டொப்’ என்றதோடு சரி. வேலிக்கம்பில் கவிழ்த்த கொட்டாங்கச்சியை அச்சுப் பிசகாமல் அடித்தது. பத்தடி தள்ளி நின்ற மயில் அந்தச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அந்தப் பழைய துப்பாக்கிதாங்க நல்லா இருந்துச்சு. மயிலாவது பயந்துச்சு” என்றார் மதினி.

“உனக்கு மெக்கானிசம் தெரியாது. சத்தம் வேற, குறி வேற.”

“சரி, நீங்க குறி பாருங்க” என்று சொல்லிவிட்டு மதினி எண்ணெய் டின்னையும் ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். நாலு தட்டில் மயில்கள் பக்கத்துக் காட்டுக்குப் பறந்தன. அண்ணாச்சி பின்னாலேயே போய் டின்னை வாங்கி, மூடியை ஆட்டிப் பார்த்து, அடியைச் சுரண்டிப் பார்த்து, ஒரு பழுதும் தேறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.