சாக்குதான் லாபம்

1984-இல் கோவில்பட்டியில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடை பத்தடிக்கு எட்டடி. சீனி மூட்டை அப்போது 100 கிலோ. விருதுநகரில் வாங்கிய விலைக்கே சீனியை விற்பார். கால் கால் கிலோவாக நிறுத்துப் பொட்டலம் கட்டினால், தட்டில் ஒட்டியதும் தரையில் சிந்தியதும் போக, 100 கிலோ ஒருநாளும் தேறாது.

“அப்ப நமக்கு என்னப்பா மிச்சம்?” என்று கேட்டேன். காலிச் சாக்கை உதறி, நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். “இதுதாம்லே.”

சாக்கு விற்ற காசு எடைக் குறைவுக்குச் சரியாகப் போகும். ஆனால் சீனிக்கு வந்தவர் கடுகும் சீரகமும் வாங்காமல் திரும்ப மாட்டார். லாபம் அங்கேதான் நின்றது. அதைவிட முக்கியம் சரக்கு ஓடுவது. பத்தாயிரத்துக்குச் சரக்கு எடுத்து நூற்றுக்கு ஐந்து நின்றால் ஐந்நூறு ரூபாய். அதே பணம் மாதத்தில் நாலு தடவை திரும்பினால் இரண்டாயிரம். “தேங்குன சரக்கு வட்டி திங்கும்லே” என்பார். கல்லூரியில் மூன்று வருடம் வணிகவியல் படித்தும் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வட்டியைத் தாங்கிக்கொண்டுதான் கடன் கொடுத்தார். எங்கள் தெருவில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை கூலி வரும்வரை அவர்கள் வீட்டு அடுப்பு அப்பாவின் நீள நோட்டை நம்பி எரிந்தது. யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டுக்கு விருந்தாள் என்பதெல்லாம் நோட்டைப் புரட்டினாலே தெரியும். ரவை எழுதியிருந்தால் காய்ச்சல்.

1990-இல் எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. சோப்பு, பிஸ்கட்டுக்குக் கடைக்காரர் தன் கணக்கில் வரி சேர்த்துச் சொல்வது நின்றது. நல்ல விதி. அதற்குமேல் விற்க வழியில்லை. இனி கொள்முதலில்தான் சாமர்த்தியம் என்றாகிவிட்டது.

இன்று பெரிய கடைகளில் கடன் எதிர்த்திசையில் ஓடுகிறது. வாங்குகிறவர் கையோடு பணம் கட்டிவிடுகிறார். சரக்கு கொடுத்தவர்தான் காத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து ஒரு கடைக்குப் போடுகிறார். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அக்காவுக்குப் போன தடவை மூன்று மாதம் ஆனது. அவர் பொடி விற்ற காசில் கடைக்காரர் வேறு சரக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இதை என்னால் சாமர்த்தியம் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் அப்பாவை அப்படி ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். சீனி கடைசி வரிசையில் இருந்தது, வெளியில் விற்பதைவிட விலை குறைவாக. கம்பை ஊன்றி அதுவரை நடந்தவர், வழியெல்லாம் அடுக்கியிருந்த பிஸ்கட்டையும் சோப்பையும் நின்று நின்று பார்த்தார். “நம்ம சீனிதாம்லே” என்றார், சந்தோஷமாக.

பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டாள். அப்பா நம்பரைச் சொன்னார். போன தடவை நான் வாங்கியதெல்லாம் திரையில் வந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நோட்டு வச்சிருக்கியே தாயி, கைல காசு இல்லாத அன்னைக்கும் சாமான் குடுப்பியா?”

அவள் என்னைப் பார்த்தாள்.