வாத்தியாரே, செருப்பைப் போடு!

யோவ் வாத்தியாரே, இப்படி வந்து உட்காரு. நெஞ்சுல இன்னாவோ குத்துதுன்னு ராத்திரி பூரா நீ தூங்கலைன்னு உன் மருமக சொல்லிச்சு. அதுக்கு முன்னாடி நீ இன்னா சாப்பிட்டன்னும் சேர்த்துச் சொல்லிச்சு. டாக்டர் கறி கூடாதுன்னாரு, நீயும் பிரியாணியை விட்டுட்ட, தெருவே உன்னை மெச்சுது. ஆனா குஸ்கா? கறித்துண்டைப் பொறுக்கிட்டா மிச்சச் சோறு சைவம்னு எந்த டாக்டர்யா சொன்னாரு? அந்தச் சீரகச் சம்பா எதுல வெந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? அதுக்குத் தொட்டுக்க கத்திரிக்காய்த் தொக்கு வேற, "காய்கறிதானே"ன்னு ரெண்டு கிண்ணம். எண்ணெயில நீச்சலடிச்சிகினு இருக்கிற கத்திரிக்காயைக் காய்கறிக் கணக்குல எழுதுற ஆளு இந்த ஆம்பூர்லயே நீ ஒருத்தன்தான். வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, வாஸ்தவம். அது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு குடுத்த சர்டிபிகேட் இல்லய்யா.

நெஞ்சு வலின்னு நீ ஆஸ்பத்திரிக்குப் போறதை நான் கேலி பண்ணல. போய்த்தான் ஆகணும். ஆனா ஈ.சி.ஜி. நல்லா இருக்குன்னு சொன்னதும் மூஞ்சியை ஏன் தொங்கப் போட்டுகினு வந்த? லாட்டரிச் சீட்டுல ஒரு நம்பர் தவறிப்போனவன் மாதிரி! அதோட விட்டியா? பக்கத்து ஊர்ல இன்னொருத்தர்கிட்ட, அப்பறம் வேலூர்ல இன்னொருத்தர்கிட்ட. வங்காளத்துலேருந்தும் அஸ்ஸாம்லேருந்தும் வங்கதேசத்துலேருந்தும் பெட்டி படுக்கையோட ரயிலேறி வர்றாங்க சி.எம்.சி.க்கு. அந்த ஆஸ்பத்திரித் தெருவுல லாட்ஜு போர்டும் ஓட்டல் போர்டும் பெங்காலியில இருக்குது. அவங்கல்லாம் பெரிய வியாதியோட வந்து வரிசையில நிக்கறாங்க. நீ ஏப்பத்தோட போய் நிக்கற.

ஐடா ஸ்கட்டர் அம்மா 1900ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச இடம்யா அது. அதுக்கு முன்னாடி, திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்டுக்காரங்க வந்து பிரசவத்துக்கு அந்தம்மாவைக் கூப்பிட்டாங்களாம். அவங்க அப்பா டாக்டர்தான், அவரை அனுப்பறேன்னுச்சாம் அந்தப் பொண்ணு. ஆம்பளை டாக்டர் வேணாம்னுட்டுப் போயிட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பொம்பளைங்களும் செத்துட்டாங்க. அதைப் பார்த்துத்தான் அந்தம்மா டாக்டருக்குப் படிக்கப் போச்சு. டாக்டர் கிடைக்காத காலம் அப்படி. கிடைச்ச காலத்துல உன் மாதிரி ஆளுங்க.

சரி, மருந்துப் பக்கம் வா. போன்ல எவனோ அனுப்பினான்னு ஆவாரம்பூ டீத்தூள் பாக்கெட் வாங்கிகினு வந்திருக்க. ஆவாரை பூத்த ஊர்ல சாவு இல்லைன்னு பழமொழி சொல்லுது, நானும் கேட்டிருக்கேன். ஆனா யோசிச்சுப் பாரு, நம்ம ஊரு தோல்ஷாப்புல ஆவாரம்பட்டையை மூட்டை மூட்டையாக் கொட்டினோமே, எதுக்கு? ஆட்டுத் தோலுக்கு. கடுக்காயும் பட்டையும் ஊறின தண்ணியில தோலு கிடந்து, அந்தத் துவர்ப்பு உள்ள இறங்கி, அழுகாம நின்னுச்சு. அப்பறம் குரோம் வந்துச்சு, டிரம்மு சுத்த ஆரம்பிச்சுச்சு, பட்டை மூட்டையெல்லாம் கொறைஞ்சுபோச்சு. இப்போ அதே செடியோட பூவைப் பாக்கெட்டுல போட்டு உன் தலையில கட்டறான். குடி, வேணாங்கல. அதைக் குடிச்சிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தறியே, அங்கதான் எனக்கு வயிறெரியுது. பட்டை பதப்படுத்தினது செத்த ஆட்டைய்யா. நீ இன்னும் உயிரோட இருக்க.

அந்தக் காலத்து நாத்தம் ஞாபகம் இருக்கா? ரயிலு ஆம்பூரு, வாணியம்பாடிப் பக்கம் வந்தாலே வெளியூர்க்காரங்க படபடன்னு ஜன்னலை இறக்குவாங்க. நமக்கு அது சோத்து வாசனை. இன்னைக்குச் சுண்ணாம்புத் தொட்டி கலக்கறாங்களா, பட்டை ஊறுதான்னு மூக்காலயே சொல்லிடுவோம். இனிமையா நினைச்சுப் பார்க்கிறோம், சரி, ஆனா ஷாப்புக் கழிவால பாலாத்தை இன்னா பண்ணினோம்னும் நினைக்கணும். 1996ல சுப்ரீம் கோர்ட்டு ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபா அபராதம் போட்டுச்சு. 2025 ஜனவரியில மறுபடியும் அதே பாலாத்துக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியதாப் போச்சு. நீயோ குடிக்கிறது மட்டும் கேன் தண்ணி, ரசம் வைக்கிறது உப்பு போர் தண்ணி, இதுல ஆரோக்கியத்தைப் பத்தித் தெருவுக்கே கிளாஸ் எடுக்கற.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நான் ஷாப்புல இன்னா வேலை பார்த்தேன்? தோலைத் தரம் பிரிக்கிற வேலை. மேசையில விரிச்சு விரலால ஒரு தடவு தடவினா, உண்ணி கடிச்ச தழும்பு எங்க, கத்தி பட்ட கீறல் எங்க, எது மேல்தரம், எது கழிச்சதுன்னு சொல்லிடுவேன். அந்தக் கண்ணு இன்னும் மங்கல. முந்தாநேத்து டீக்கடை பெஞ்சுல நீ கால்மேல கால் போட்டுகினு போன்ல மாரடைப்பு மெசேஜைச் சத்தமாப் படிச்சிகினு இருந்த. உன் குதிகால்ல ஷூவுக்கு அடிக்கிற சின்ன ஆணி ஒண்ணு குத்திகினு நின்னுச்சு. நான் குனிஞ்சு அதைப் பிடுங்கினேன். நீ படிக்கிறதை நிறுத்தல. ரத்தம் வந்துச்சு, நீ அடுத்த மெசேஜுக்குப் போயிட்ட. நெஞ்சுல ஏப்பம் குத்தினா மூணு டாக்டரைப் பார்க்கற, கால்ல ஆணி குத்தினா உனக்குத் தெரியவே இல்ல! வாத்தியாரே, அதுலதான்யா நான் பயந்துபோனேன்.

பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர், கொல்லிமலையில வளர்ந்த வெள்ளைக்காரரு, 1946ல வேலூருக்கு வந்தாரு. குஷ்டம் வந்தவங்களுக்கு விரல் தானா அழுகி விழுதுன்னுதான் அப்போ எல்லாரும் நினைச்சிகினு இருந்தாங்க. அவரு கவனிச்சுப் பார்த்துச் சொன்னாரு: விரல் தானா விழல, நரம்பு மரத்துப்போனதால சூடும் குத்தும் தெரியல, தெரியாததால புண்ணு மேல புண்ணு ஆகி விரல் தேஞ்சு போகுதுன்னு. ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சாக்கூட முழிப்பு வராதாம். அதனால வீட்டுக்குத் திரும்பிப் போறவங்க கையில ஒரு பூனையையும் குடுத்து அனுப்பினாங்களாம். சிரிக்காதே. கரிகிரியில 1955ல ஆரம்பிச்ச குஷ்டரோக ஆஸ்பத்திரி இருக்குதே, அங்கயும் மரத்துப்போன காலுக்குன்னே மெத்துன்னு எம்.சி.ஆர். ரப்பர்ல செருப்பு தைச்சாங்க. அந்த டாக்டர் 1966ல அமெரிக்காவுக்குப் போய், சர்க்கரைக்காரங்க காலுக்கும் இதே வைத்தியம்தான்னு காட்டினாரு. சர்க்கரை நாள்பட்டா பாதத்து நரம்பு மரத்துப்போகும், குஷ்டத்துல போற மாதிரியே.

நீ நாள்பட்ட சர்க்கரைக்காரன். உன் வீட்டைச் சுத்தி எந்தத் திசையில கல்லை எறிஞ்சாலும் ஒரு ஷூ கம்பெனி மேல விழும். ஜெர்மனிக்காரன் கால், இங்கிலாந்துக்காரன் கால், அமெரிக்காக்காரன் கால் எல்லாத்துக்கும் இங்கேருந்துதான் ஷூ போகுது. ஆம்பூர் வாத்தியார் மட்டும் வெறுங்கால். கேட்டா, "மண்ணோட தொடர்பு இருக்கணும்"ங்கற. எந்த மண்ணுய்யா? ஷாப்பு வாசல்ல கிடக்கிற ஆணியும் உப்பும் சுண்ணாம்பும் மண்ணா?

வீட்டுக்குள்ள செருப்பு போட்டா லட்சுமி போயிடுவாள்னு உன் வீட்டுக்காரம்மா சொல்லுதாம். வெளியே போடாத ஜோடி ஒண்ணைத் தனியா வச்சுக்கோ, லட்சுமி கிட்ட நான் பேசிக்கிறேன். கால் வலிக்குதுன்னு வெந்நீர்ல காலை விட்டுகினு உட்கார்ற பழக்கத்தை இன்னையோட விடு. சூடு உன் காலுக்குத் தெரியாது, தோலு வழண்டு வந்தப்பறம்தான் கண்ணுக்குத் தெரியும். ஆணிக்காலை பிளேடால சீவறியாம், அதுவும் வேணாம், சீவற வேலைக்கு ஷாப்புல ஆளு இருக்காங்க. மே மாசத்துல மொட்டைமாடியில வடாம் காயப் போட நீ வெறுங்கால்ல ஏறினா, வடாத்தோட உன் பாதமும் வெந்துடும். வேலூர் கோட்டைக் கோயிலுக்குப் போறதா இருந்தா கல்லு காயறதுக்கு முன்னாடி விடியல்ல போ.

அந்தக் கோட்டையைச் சொல்லித்தானே நம்மளைக் கேலி பண்ணுவாங்க? ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. ஜலகண்டேஸ்வரர் 1981ல திரும்பி வந்துட்டாரு. 2021 நவம்பர்ல பாலாத்துலயும் வெள்ளம் வந்து கரை புரண்டுச்சு. ராஜாதான் இன்னும் வரல. மரத்துப்போன பாதத்துக்கு உணர்ச்சியும் ராஜா கட்சிதான், போனா லேசுல திரும்பாது. அதே கோட்டையில 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்ங்க துப்பாக்கியைத் தூக்கினாங்க. காரணங்கள்ல ஒண்ணு, வெள்ளைக்காரன் குடுத்த புதுத் தலைப்பாகையில தோல் குஞ்சம் இருந்துச்சுங்கிறது. அவங்க தலையில தோலை வைக்க மாட்டேன்னு கலகம் பண்ணினாங்க, ஞாயம். நீ கால்லயே வைக்க மாட்டேன்னு கலகம் பண்றியே, இதை எந்தச் சரித்திரப் புஸ்தகத்துல எழுதறது?

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போனைக் கீழ வச்சிட்டுப் பாதத்தைத் திருப்பிப் பாரு. குனிய முடியலைன்னா மருமககிட்ட கைக்கண்ணாடி வாங்கித் தரையில வச்சுப் பாரு. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்போ நெஞ்சை மட்டும் காட்டாம காலையும் காட்டு. மெல்லிசா ஒரு நைலான் இழையால பாதத்துல அங்கங்க தொட்டுக் கேட்பாங்க, தெரியுதா தெரியலையான்னு. கண்ணை மூடிகினு உண்மையைச் சொல்லு. பரீட்சைன்னு நினைச்சு எல்லாத்துக்கும் "தெரியுது"ன்னு சொல்லி நூத்துக்கு நூறு வாங்கப் பார்க்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

நாளைக்குச் சாயங்காலம் வா, செருப்பு வாங்கப் போகலாம். காலையில போகக் கூடாது, பொழுது சாயத்தான் கால் கொஞ்சம் உப்பி நிஜ அளவு தெரியும். முன்னாடி அகலமா, உள்ளே தையல் உறுத்தாததா நான் தடவிப் பார்த்துப் பொறுக்கித் தர்றேன். காசு உன்னுது. மூணு டாக்டருக்குக் குடுத்த ஃபீஸை விடக் கம்மியாத்தான் ஆகும். திரும்பி வரும்போது பிரியாணிக் கடைப் பக்கம் திரும்பின, புதுச் செருப்பைக் கழட்டறது நானாத்தான் இருப்பேன்.