வம்சாவளிக்காரர்

வம்சாவளிக்காரர் எனப்படுபவர், தம் பூட்டனுக்குப் பூட்டன் யார் என்று துருவும் வேலையைத் தாம் செய்வதோடு நில்லாமல், எதிர்ப்படுவோர் தலையிலும் அதை ஏற்றிவைப்பவர். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2011-இல் தொடங்கிய ‘ரூட்ஸ்டெக்’ என்னும் குடும்ப வரலாற்று மாநாட்டில் இணையவழியில் கலந்துகொண்டபின் இவருடைய தொல்லை இரட்டிக்கிறது. அங்கே காலை 9 மணி என்றால் தர்மபுரியில் இரவு 9.30 ஆதலால், மாநாடு முடியும்வரை வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை.

அங்கு நிரப்பக் கற்கும் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைமுறைதோறும் மாற்றிச் சூடும் தமிழர் அதை நிரப்பினால், அப்பனும் மகனும் வேறு குடும்பத்தாராகிவிடுவர். ஆகவே இவர் குலதெய்வத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஒரே குலதெய்வத்தை வணங்குவோர் பங்காளிகள், அதாவது தந்தைவழியில் ஒரே கொடியினர், என்பது ஊர் வழக்கு.

இந்த ஆராய்ச்சிக்கு ஒகேனக்கல் பரிசலைப்போல் வசதியான இடம் வேறில்லை. தரையிலென்றால் டீ குடிக்கப் போவதாகச் சொல்லித் தப்பலாம். மூங்கிற் பிளாச்சில் முடைந்த அந்த வட்டக் கூடையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தவர் எங்கே போவார்? அருவிச் சாரல் முகத்தில் அடிக்கும்போதே, “உங்களுக்கு எந்த ஊருங்க, குலதெய்வம் எதுங்க?” என்று தொடங்கிவிடுகிறார். “முனியப்பனுங்க” என்று விடை வருகிறது. ஏரிக்கரைக்கு ஒரு முனியப்பன் மீசை முறுக்கி உட்கார்ந்திருக்கும் சீமையில் இது வியப்பன்று. ஆயினும் இவர் பூரித்துப்போய்ப் பங்காளியைத் தழுவ எழ, பரிசல் ஒருபுறம் சாய, பரிசல்காரர் அதட்ட, அடுத்த கணமே அவருடைய குலதெய்வமும் விசாரிக்கப்படுகிறது. அதுவும் முனியப்பன்தான். கரையேறும்போது, “பங்காளிகிட்டயே முழுக்காசு வாங்குறீங்களே!” என்று வேறு குறைபடுகிறார்.

அருவிக்கரையில் குளிக்க வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் மட்டும் இது பலிப்பதில்லை. முதுகில் விழும் முதல் அறையிலேயே கேள்வி தொண்டைக்குத் திரும்பிவிடும்.

உச்சக்கட்டம், சாப்பாட்டு வேளையில் பாறைமேல் விரிக்கப்படும் கொடிவழிப் படம். பேரன் என்பவன் பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால், அதில் மாரப்பனும் சின்னப்பனும் மாறி மாறி இறங்கி வருகின்றனர். பெண்களுக்கோ பெயரே இல்லை. ‘மனைவி’, ‘மகள் – 2’, அவ்வளவுதான். இது மறதியன்று, கேளாமை. எந்த மாரப்பனுக்கு எந்த ஊரிலிருந்து யார் வாழ்க்கைப்பட்டு வந்தார் என்று மூச்சு விடாமல் சொல்லக்கூடிய பெரியத்தை பக்கத்திலேயே மீன் பரிமாறிக்கொண்டிருக்கிறார். இவர் அவரிடம் கேட்பதெல்லாம் இன்னொரு துண்டு. காற்றில் படம் பறக்காமலிருக்க அவருடைய குழம்புச் சட்டியை ஓரத்தில் வைக்கிறார்கள், சரியாக அந்த ‘மகள் – 2’ மேல்.