இடுப்புக்கு ஒண்ணு, மெடலுக்கு ஒண்ணு

வாய்யா மருமவனே. ஒரே பிஸ்டல்ல மெடலும் வாங்கணும், அதையே இடுப்புலயும் செருகிட்டுத் திரியணும்னு டீக்கடையில சொன்னியாமே. ஆசைக்கு யாரு வரி போட்டா? கேளு.

போட்டின்னா மொதப் படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 42 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோ எடை வரைக்கும் அனுமதி. இடுப்புல செருகிப் பாரு. மொத வேட்டி விழும், பகையாளி பொறவு விழுவான். பிடி வேற, உள்ளங்கை அளவுக்குன்னே மரத்துல செதுக்குனது. கட்டைவிரலுக்கு ஒரு மேடு, கை அடிப்பக்கம் தாங்க ஒரு திண்டு. நீ விரலை ஒவ்வொண்ணா அதுல படிய வைக்கிறதுக்குள்ள திருடன் உன் வீட்டுலயே காப்பி குடிச்சுட்டுக் கிளம்பிருவான். ட்ரிகரு 500 கிராம் இழுவை தாங்கினாப் போதும். அம்புட்டு லேசான ட்ரிகரை இடுப்புல வச்சுக்கிட்டு, குனிஞ்சு செருப்பு மாட்டுவியா நீ?

இடுப்புக்குன்னா அழுத்தி இழுக்கிற ரிவால்வருதான் லாயக்கு. சினிமாக்காரன் தூக்குற 9 எம்.எம். நமக்குத் தடை செஞ்ச ரகம். கான்பூர்ல செய்யிற .32 ரிவால்வரு, நிர்பீக்னு பேரு, அது இருக்கு. 500 கிராம்தான், 2014ல வந்தப்பவே 1,22,360 ரூபா. குட்டைக் குழல். அதை வச்சு 25 மீட்டர்ல நடுப்புள்ளியை அடிக்கப் போனியோ, ஓட்டையே விழாத குறி அட்டையைக் கழட்டி அடுத்த ஆளுக்கே மாட்டிக்கலாம்.

லைசென்சுக்குப் போனா, யாரால உயிருக்கு ஆபத்துன்னு கேப்பாங்க. கடன் கொடுத்தவன் பேரைச் சொல்லிராத. நீ நூறு வருசம் இருக்கணும்னு தினம் சாமி கும்புடுறவன் அவன் ஒருத்தன்தான். தேர்தல் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொல்லுவாக. ஓட்டு எண்ணி முடியிற வரைக்கும் உன் வீரம் அங்கதான் தூங்கும். கல்யாண வீட்டுல ஆர்வத்துல வானத்தைப் பாத்து வெடிச்சா, 2019 சட்டத்துல 2 வருசம் வரைக்கும் உள்ள.

அதனால மொத ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் குண்டு, லைசென்ஸ் கேக்காது. ரைபிள் கிளப்புல சேரு. ஒத்தைக் கையை நீட்டி, ஒண்ணேகால் மணி நேரத்துல 60 குண்டு. மறு கை பாக்கெட்டுல சும்மா கிடக்கணும், போனைத் தடவக் கூடாது. அது உனக்கு வந்துருச்சுன்னா நிர்பீக்குக்கு மனு நானே எழுதித் தாரேன். யாரால ஆபத்துங்கிற எடத்துல எங்க அக்கா பேரைப் போட்டுருவோம். வெலையைக் கேட்டதும் உலக்கையைத் தூக்கப் போறது உங்க ஆத்தாதான்.