மல்லாட்ட மூட்டையும் நாலு விடையும்

பேராண்டி, குரூப் 4-க்குப் படிக்கறேன்னு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸுல அலையுற. அலை, நல்லதுதான். ஆனா திண்ணையில உக்காந்து பத்தியைப் படிச்சி நீ விடை சொன்ன அழகு இருக்குதே! புதுப் பாடத்திட்டத்துல நூறு தமிழ்க் கேள்வி. அதுல வாசிச்சிப் புரிஞ்சிக்கறதுக்குன்னே 15 ஒதுக்கியிருக்காங்க. ஒண்ணுக்கு ஒன்றரை மார்க்கு. தமிழ்ல 60 வாங்கலன்னா அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. நீ என்னடான்னா பத்தியில இல்லாததையெல்லாம் பத்திக்குள்ள கொட்டுற.

நான் வெளையாட்டுக்கு ஒரு பத்தி சொன்னேன்: 'வியாபாரி விலையைச் சொன்னான். கிழவி பதில் பேசவில்லை. மல்லாட்டை மூட்டையின் வாயை மறுபடி கட்டி, வண்டியைத் திருப்பச் சொன்னாள்.' கிழவி ஏன் மூட்டையைக் கட்டினாள்? இதான் கேள்வி. நீ இன்னா சொன்ன? "மல்லாட்டையில ஈரம் இருந்திருக்கும் தாத்தா. ஈரம் இருந்தா கமிட்டியில விலையைக் கொறைப்பாங்க. காய வெச்சிக் கொண்டாரலாம்னு போயிருப்பா." அடேங்கப்பா, கழனியில பொறந்தவன் அறிவு! எல்லாம் நெசந்தான். ஆனா ஈரம்ங்கற பேச்சே அதுல இல்லியேடா. உங்கப்பன் மல்லாட்ட வித்த கதையை அந்தக் கிழவி தலையில கட்டிட்ட. மல்லாட்ட மண்ணுக்குள்ள காய்க்குதா மரத்துல தொங்குதான்னு தெரியாத பட்டணத்துப் புள்ள, 'விலை பிடிக்காததால்'னு வட்டத்தைக் கறுப்பாக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடும்.

அதனால பரீட்சை முடியற வரைக்கும் கொஞ்சம் ஒண்ணுந் தெரியாதவனா இரு. உனக்கு அது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல.

அதுக்காக முழுசா அப்படியே ஆயிடவும் கூடாது. பத்தாவது உரைப்பத்திக் கேள்விக்கு ஒரு வித்தை வெச்சிருந்தியே: கேள்வியில இருக்கற வார்த்தையைப் பத்தியில தேடறது, அந்த வரியை அப்படியே பேத்து எழுதறது. மார்க்கும் வந்துச்சி. இப்ப, கிழவி மனசு எப்படி இருந்துச்சின்னு கேட்டா எந்த வரியைப் பேப்ப? கோவம்னும் எழுதல, ரோஷம்னும் எழுதல. பேசாம இருந்தது, வாயைக் கட்டினது, வண்டியைத் திருப்பச் சொன்னது, மூணையும் சேத்து வெச்சிப் பாத்தாத்தான் கிழவி தெரிவா.

இங்கதான் நம்ம சனம் வழுக்குது. பீசான்னு ஒரு பரீட்சை. திங்கறது இல்லடா, பதினஞ்சு வயசுப் புள்ளைங்களுக்குப் பல நாட்டுல வெக்கறது. 2009 வரிசையில இந்தியாவுலேர்ந்து தமிழ்நாடும் இமாச்சலமும் போச்சி. வாசிப்புல நமக்கு 337. பணக்கார நாடுங்க சராசரி 493. மொத்தம் 74-ல நாம 72. நமக்குப் பின்னாடி இமாச்சலமும் கிர்கிஸ்தானும். ஒரே ஆறுதல் அதான். கேள்வி நம்ம புள்ளைங்க பொழப்புக்கு ஒத்துவரலன்னு பேசிக்கினாங்க. 2012-ல இந்தியா அந்தப் பக்கமே போவல. மாடு ஒதைக்குதுன்னு பால் கறக்கறதையே வுட்டாச்சி.

கேள்வி போடறவன் மட்டும் பெரிய மேதாவியா? அமெரிக்காவுல சாரா ஹோல்புரூக்னு ஒரு கவிஞர். அந்தம்மா கவிதையை டெக்சாஸ் மாகாணத்துப் பள்ளிக்கூடப் பரீட்சையில வெச்சாங்க. கவிதையை ஏன் ரெண்டாப் பிரிச்சிருக்குதுன்னு கேள்வி. மேடையில படிக்கறப்ப அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்துவேன், அதான் பிரிச்சேங்குது அந்தம்மா. குடுத்த விடையில அது மட்டும் இல்ல! என் கவிதைக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியலன்னு 2017-ல ஊரறிய எழுதிட்டாங்க. ஆக, எழுதினவன் இன்னா நெனச்சான்னு மண்டையை ஒடைச்சிக்காத. கேள்வி போட்டவன் எந்த வரியைப் பாத்துக்கினு போட்டான்னு பாரு. உங்க ஆயாகிட்ட நான் அப்படித்தான் காலந்தள்றேன். அது 'சோறு துன்னியா'ன்னு கேட்டா சோத்தைப் பத்தியா கேக்குது?

'தவறானது எது', 'பொருந்தாதது எது'ன்னு கேட்டா மட்டும் நின்னு படி. நீ சரியானதைக் கண்டதும் பூரிச்சிப் போயி அதையே நிரப்பற ஆளு. அப்புறம், அஞ்சாவதா ஒரு வட்டம் இருக்கும், 'விடை தெரியவில்லை'ன்னு. தப்பா நிரப்பினா மார்க்கு கொறைக்கறதில்ல, அதனால அந்தப் பக்கம் போகாத; நாலுல ஒண்ணைக் குத்து. தெரியலன்னு ஒத்துக்கற வழக்கம் நம்ம வம்சத்துல கெடையாது. வேணும்னா உங்கப்பனைக் கேட்டுப் பாரு, தெரியும்னுதான் சொல்லுவான்.