தென்காசிக் குளத்து மீனின் குலம் கோத்திரம்: ஓர் ஆய்வு

தூண்டிலில் எதிர்பாராத மீன் மாட்டினால், அது இன்ன மீன் என்று சொல்லும் பொறுப்பு தூண்டில்காரருடையது அன்று. அவருக்கு முள்ளைக் கழற்றவே நேரம் போதாது. அந்தப் பொறுப்பு கரையில் நிற்பவர்களுடையது. தக்கை அமிழும்வரை ஈ காக்கை இல்லாத கரையில், மீன் வெளியே வந்த மறுநொடி ஏழெட்டுப் பேர் எப்படிச் சூழ்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. இங்கே அதற்கு இடமில்லை.

நாம் எடுத்துக்கொண்ட மீன், சிற்றாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து சேரும் தென்காசிப் பக்கத்துக் குளம் ஒன்றின் மறுகாலருகே, சாரல் காலத்தில் அகப்பட்டது. அரைச் சாண் நீளம். வெள்ளி உடம்பு. வாலுக்குச் சற்று முன்னால் பக்கத்துக்கொன்றாக நீள்வட்டக் கறுப்புப் பொட்டு. வால் மடல்களின் நுனியில் சிவப்பும் கறுப்பும். முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்ட கதிர்கள்.

“ஏல, இது நம்ம ஊரு மீனே இல்ல. கலர் மீனுல்லா?” என்றார் கூட்டத்தில் மூத்தவர்.

“ஆமா அண்ணாச்சி. சீசனுக்கு வந்தவன் எவனோ தொட்டியில கெடந்தத விட்டுட்டுப் போயிருக்கான்” என்று உடனே வழிமொழியப்பட்டது.

இதைத் ‘தொட்டி தப்பியோர் கொள்கை’ என்று இக்கட்டுரை குறிக்கும். இளக்காரமாகத் தள்ளிவிடக்கூடிய கொள்கை அன்று. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கிய தென் அமெரிக்கக் கவசக் கெளுத்தி, தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் கால்வாயில் கொட்டப்பட்டு, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசியைக் கேட்போர் என்று இன்னொரு பிரிவினரும் கரையில் உண்டு. ஒரே படத்துக்கு மூன்று பெயர் கிடைத்ததும், மூன்றில் எது வாயில் நுழைகிறதோ அதைத் தேர்ந்துகொண்டார்கள். வறுத்துப் பார்க்கலாம் என்ற நான்காவது கருத்துக்கு ஆதரவில்லை. விஷமாயிருந்தால்?

இனி ஆய்வாளன் தூண்டில்காரரின் பைக்குள் எட்டிப்பார்க்கக் கடமைப்பட்டவன். அதில் ஆறேழு ஜிலேபி. அவற்றின் ஊரை யாரும் விசாரிக்கவில்லை. ‘நம்ம குளத்து மீன்’ என்று கரை முழுவதும் ஒருமனதாக ஏற்றிருந்தது. ஜிலேபியின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகள். இந்தியாவுக்கு வந்தது 1952இல். முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய்மீன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் பிழைக்கும் குஞ்சுகள் அதிகம். பிறந்த சில மாதங்களில் அதுவும் குடும்பஸ்தனாகிவிடுகிறது. ஆண்டுக்குப் பல ஈடு குஞ்சு பொரித்து, இரண்டு தலைமுறை மனிதர்களுக்குள் பட்டா மாறுதல் செய்துகொண்டுவிட்டது.

குத்தகைதாரர் குளத்தில் விட்டிருக்கும் கட்லா, ரோகு, மிர்காலையும் விசாரித்துவிடுவோம். மூன்றும் கங்கைக்கரைக் குடும்பங்கள். ஓடும் ஆற்றில் முட்டையிடும் சாதி. குளத்தில் அடைத்தால் பிள்ளை பெறாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீனியல் அறிஞர் ஹிராலால் சவுத்ரி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையினங்களை முட்டையிட வைத்தார். அந்தத் தேதிதான் இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் நாள். அதன்பின் கங்கையின் மீன்குஞ்சு எந்த ஊர்க் குளத்துக்கும் பையில் அடைத்துப் போகத் தொடங்கியது. காசி விசுவநாதருக்கு இங்கே கோயில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கங்கை உறவுக்கு அடித்தளம் போட்டுவைத்தான். மீன்கள் வந்து சேர ஐந்நூறு ஆண்டு பிந்திவிட்டன, அவ்வளவுதான். தென்காசியில் கங்கை மீனை அந்நியம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இப்போது குற்றவாளியிடம் வருவோம். நூல் துடுப்பும் வாலருகே பொட்டும் கொண்ட இந்தக் கெண்டையை 1844இல் பிரெஞ்சு அறிஞர் வாலன்சியன் நூலில் ஏற்றினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளும் ஆறுகளும்தான் இதன் வீடு. குற்றாலத்து நீர் இறங்கும் சிற்றாறும், அது சீவலப்பேரியில் போய்ச் சேரும் தாமிரபரணியும் அதில் அடக்கம். இதன் நெருங்கிய பங்காளி ஒன்று தாமிரபரணியின் பெயரையே தாங்கியிருக்கிறது. 1954இல் மீனியல் அறிஞர் சைலஸ் அதை விவரித்தார். உள்ளூர் மீன் இல்லை என்று கரை தீர்ப்பளித்த மீனின் குடும்பத்தில், ஆற்றின் பெயரே இனிஷியல்.

கரையின் குழப்பத்துக்கு மீனும் ஓரளவு உடந்தை என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறேன். குஞ்சாக இருக்கையில் இதன் உடம்பில் கறுப்புப் பட்டைகள் தெரியும். வளர்ந்தால் அவை போய்ப் பொட்டு மட்டும் மிஞ்சும். நூல் துடுப்போ வளர்ந்த ஆணுக்குத்தான். ஆக, ஒரே வீட்டில் தகப்பனையும் தாயையும் பிள்ளையையும் மூன்று சாதியாக எண்ண வாய்ப்பு உண்டு. அறிஞர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். நெடுங்காலம் ‘புன்டியஸ்’ பேரினத்தில் கிடந்த இக்கூட்டத்தை, 2012இல் ரோஹன் பெத்தியகொட முதலான இலங்கை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவித்து ‘டாக்கின்சியா’ என்று பெயரிட்டார்கள். கடவுள் இல்லையென்று தடிப் புத்தகம் எழுதியவர் டாக்கின்ஸ். பாவம் தீர முங்கும் பாபநாசம் படித்துறை இதே தாமிரபரணியில்தான் இருக்கிறது. அங்கே பொரி போடும் பக்தர்களிடம் இந்தப் பெயர் வரலாற்றைச் சொல்ல வேண்டாம் என்பது என் பரிந்துரை.

இந்த முடிவுகளைக் கரையில் சமர்ப்பித்தபோது வரவேற்பு மந்தமாகவே இருந்தது. “இத்தன வருசமா குளத்துல குளிக்கோம், நாங்க பாக்காத மீனா?” என்றார் மூத்தவர். மடையோரத்தில் ஜிலேபி ஏகபோகம் செய்யும் குளத்தில் அவர் அதைப் பார்க்காததில் வியப்பில்லை என்று சொல்லவந்து, அவருடைய வயதைக் கருதி விட்டுவிட்டேன்.

அதற்குள் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, குளத்து நீரை மொண்டு, மீனை உள்ளே விட்டிருந்தான். வீட்டில் கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்கிறதாம். கலர் மீன் என்ற கரையின் தீர்ப்பு, இருட்டுவதற்குள் முழுக்க உண்மையாகிவிட்டது.